சடையன் ரகம்

ஆனந்த வருஷம், வைகாசி 9

வில்லெம் துரை இன்று கூப்பிட்டனுப்பினார். ஒல்லாந்துக்காரர் கோட்டையின் வைத்தியர். பழவேற்காட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதில் ஆறு மாதம் அவருக்கே வயிற்றுப்போக்கு. மீதி இரண்டு மாதத்தில் ஒரு பெரிய காரியம் யோசித்து வைத்திருக்கிறார்.

ஆம்ஸ்தர்தாமில் ஒரு பெரிய பணக்காரருக்கு முழங்காலில் வாதமாம். அந்த மனிதர் தோட்டத்தில் கண்ணாடியாலேயே ஒரு வீடு கட்டி, அடியில் அடுப்பு எரித்து, உள்ளே நம் பக்கத்துச் செடிகளை வளர்க்கிறாராம். ஊர் ஏழைகள் பனியில் விறைத்துச் சாகிற இடத்தில் செடிக்குக் கணப்பு. வாதத்துக்கு நம் மரவாழை நல்லது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அந்தக் குளிர் நாட்டில், அந்தக் கண்ணாடி வீட்டில், எந்த ரகம் பிழைக்கும் என்று பொறுக்கி அனுப்ப வேண்டியது வில்லெம் துரை. செடி கொண்டுவர ஆள் பிடிக்க வேண்டியது நான்.

மரவாழையை இங்கே யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மண்ணே இல்லாமல் கிளையைக் கவ்விக்கொண்டு தொங்கும். காதுவலி என்றால் ஏரி நடுவே இருக்கிற பசியாவரத்து மீனவப் பெண்கள் அதன் இலைச்சாற்றை வெதுவெதுப்பாக விடுவார்கள்; மூட்டு வீங்கினால் வேரை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். அவ்வளவுதான் அதன் மரியாதை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? முதல் துபாஷிக்குக் கண் மங்கிவிட்டது. புரட்டாசிக்குள் வேறு ஆளை வைப்பார்கள். பதினோரு வருஷமாக இரண்டாம் துபாஷியாக இருக்கிறேன். துரை செடி கேட்டால் செடி. தலைகீழாக நிற்கச் சொன்னால் எந்தச் சுவரோரம் என்று மட்டும் கேட்பேன்.

வைகாசி 13

பசியாவரத்திலிருந்து மூன்று பேர் செடியோடு வந்தார்கள். மாசிலாமணி, தசரதன், சடையன். ஊருக்கு வடக்கே மணல்மேட்டில் நிற்கிற மூன்று பெரிய மரங்களில் ஆளுக்கொன்றாக ஏறி எடுத்தார்களாம். ஒற்றைப் பாலையில் மாசிலாமணி, புளியில் தசரதன், கூனல் நாவலில் சடையன். ஒரு செடியில் பூ மஞ்சள், ஒன்றில் கொஞ்சம் நீலம், ஒன்றில் பழுப்பு. துரை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

“ஒவ்வொன்றுக்கும் பெயர் என்ன?” என்று கேட்டார்.

நான் அவர்களைக் கேட்டேன். மாசிலாமணி, “மரவாழை” என்றார். தசரதன், “மரவாழைதான்” என்றான். சடையன் தலையைச் சொறிந்துகொண்டு, “அவங்க சொன்னதுதான் ஐயா” என்றான்.

துரை பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருக்கிறார். மூன்று ரகத்துக்கு மூன்று பெயர் வேண்டும். பெயர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று எந்தத் துபாஷியாவது தன் வாயால் சொல்லுவானா? அப்புறம் எதற்குச் சம்பளம்?

“மாசிலாமணி ரகம், தசரதன் ரகம், சடையன் ரகம்” என்றேன். துரை மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். எந்த மரம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். இனி வாரம் ஒருமுறை ஒவ்வொரு ரகத்திலும் புதுச் செடி வர வேண்டும். செடிக்குப் பதில் துணி கிடைக்கும்.

படகேறும்போது சடையன் கேட்டான்: “இன்னா ஐயா, எம் பேரு எழுதுனாப்புல இருந்துச்சே. வம்பு ஒண்ணும் இல்லியே?”

ஒன்றுமில்லை என்றேன்.

வைகாசி 22

இந்த அக்கிரமத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒல்லாந்துக் குளிரைத் தாங்குமா என்று பார்க்க ஒல்லாந்துக் குளிர் வேண்டுமே. பழவேற்காட்டில் வைகாசியில் அதற்கு எங்கே போவது? துரை வழி கண்டுபிடித்துவிட்டார். கோட்டைக்குள் பழைய வெடிமருந்துக் கிடங்கு ஒன்று காலியாகக் கிடக்கிறது. சுவர் இரண்டு முழம் கனம். அதில் வரிசையாக மண்பானைகள் வைத்து, நீர் ஊற்றி, மூட்டை மூட்டையாக வெடியுப்பைக் கொட்டிக் கரைக்கிறார்கள். உப்புக் கரையக் கரைய நீர் சில்லென்று ஆகிறது. வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி. அதை நனைக்க இரண்டு ஆள். சுவரில் குளிரை அளக்க ஒரு பாதரசக் குழல். துரை அதைப் பார்த்துப் பார்த்து, “இன்னும் உப்பு, இன்னும் உப்பு” என்கிறார். பீரங்கிக்கு வேண்டிய உப்பெல்லாம் பானைக்குள் போகிறது.

இது ஒல்லாந்து. அடுத்து அந்தக் கண்ணாடி வீடு வேண்டாமா? கப்பல் சன்னல்களிலிருந்து கழற்றிய கண்ணாடிகளைச் சேர்த்து ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து கிடங்குக்கு நடுவே நிறுத்தினார்கள். பெட்டிக்கு அடியில் கரி அடுப்பு. ஏனென்றால் ஒல்லாந்துக்குள்ளே இருக்கிற கண்ணாடி வீடு பழவேற்காடு மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமாம்.

ஆகவே, பழவேற்காட்டு வெயிலில் ஓர் அறையைக் குளிர வைத்து, அந்தக் குளிருக்குள் ஒரு பெட்டியைச் சூடாக்கி, அதற்குள் பழவேற்காட்டுச் செடியை வைத்திருக்கிறோம். வெளியே அதே செடி மரத்தில் தானாகத் தொங்குகிறது.

பானை சுமந்த தசரதன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான். “தொரைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

வைகாசி 29

வெளியே கல் சுடுகிறது. துரை கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போனார். வெளியே வந்ததும் மயங்கி விழுந்தார்.

ஆனி 8

பகலில் காவல் சிப்பாய்கள் மூன்று பேரைக் காணோம் என்று கோட்டை முழுக்கத் தேடினார்கள். ஒல்லாந்தில் இருந்தார்கள். பானைகளுக்கு நடுவே வரிசையாகப் படுத்துக் குறட்டை. துரைக்குக் கோபம், அவர்கள் மூச்சுக்காற்றின் வெப்பத்தில் பாதரசம் ஏறிவிட்டதாம். மூச்சையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனி 27

முடிவு தெரிகிறதாம். மாசிலாமணி ரகம் வாரத்துக்குள் அழுகுகிறது. தசரதன் ரகமும் அப்படித்தான். சடையன் ரகம் மட்டும் ஐந்து வாரமாக நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு புதுவேர்கூட விட்டிருக்கிறது.

மருந்துக் குணத்தையும் பார்த்தாயிற்று. கோட்டைப் பெரிய துரையின் முழங்காலுக்கு மூன்று ரக வேரையும் மாற்றி மாற்றி அரைத்துப் போட்டோம். சடையன் ரகம் போட்ட நாளில் வலி குறைந்தது என்கிறார். அன்றைக்கு அவருக்கு ஊரிலிருந்து சாராயப் பீப்பாய் வந்த நாள் என்பதை நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

வில்லெம் துரை என் தோளைத் தட்டி, “சீனிவாசா, இது பெரிய விஷயம். உன்னை மறக்க மாட்டேன்” என்றார். லோகாம்பாளிடம் சொன்னேன். “தோளைத்தானே தட்டினாரு? முதல் துபாஷினு வாயால சொன்னாரா?” என்று கேட்டாள். என் மனைவி மாதிரி ஒருத்தி கோட்டையில் இருந்திருந்தால் பானைக்கு உப்பு போயிருக்காது.

ஆடி 14

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

செடி வர ஒரு நாள் தாமதமானதால் நானே படகேறிப் பசியாவரம் போனேன். கரையில் மாசிலாமணியும் தசரதனும் சடையனும் குந்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரு சட்டியில் மூன்று கிளிஞ்சல். ஒன்றில் கீறல், ஒன்றில் துளை, ஒன்று வெறுமனே. சடையனின் மனைவி நாகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொருவர் கையில் கொடுக்கிறாள்.

“பாடு போடுறீங்களா? இது எறா காலமில்லையே” என்றேன்.

இங்கே ஏரித்தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. இறாலுக்கு வலை போடுகிற இடங்களைப் பங்கு பிரித்திருப்பார்கள். சீட்டு எடுத்து, இந்த முறை இந்த இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு என்று மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

மாசிலாமணி சிரித்தார். “எறாவுக்கு இல்ல ஐயா. மரத்துக்கு.”

“மரத்துக்கா?”

“ஆமா. ஒரு மரத்துல செடி கைக்கெட்டுது, ஒரு மரத்துல உச்சிக்கு ஏறணும். ஒர்த்தனே சுளுவான மரத்த வெச்சிக்கினா நாயமா? அதான் வாராவாரம் பாடு மாத்திக்கிறோம். மொத வாரத்துலேந்தே அப்படித்தான்.”

முதல் வாரத்திலிருந்தே! ஆக ஒரு வாரம் சடையன் ரகம் நாவல் மரத்தது, மறு வாரம் பாலை, அதற்கடுத்து புளி. குறிப்பேட்டில் இரண்டு மாதமாகத் துரை ஒப்பிட்டுக் கொண்டிருப்பது மூன்று செடிகளை அல்ல, மூன்று ஆட்களை.

அப்படியானால் சடையன் கொண்டுவருவது மட்டும் ஏன் பிழைக்கிறது? அவனையே கேட்டேன்.

“அவனுங்க கத்திய வெச்சிக்கினு வேர ஒண்ணொண்ணா சொரண்டிப் பிரிப்பானுங்க. என்னால ஆவாது. கிளையோட ஒரே வெட்டு, தூக்கிப் போட்டுக்கினு வந்துருவேன்” என்றான் சடையன். “ஏன் ஐயா, தப்பா?”

நாகம்மாள் சொன்னாள்: “இந்தாளு சோம்பேறித்தனத்த எதுக்குக் கேக்குறீங்க, ஐயா.”

வேரில் காயம் படவில்லை, பிழைத்தது. குளிராவது ரகமாவது. ஒல்லாந்தைச் செய்து, பழவேற்காட்டைச் செய்து, சிப்பாயின் மூச்சை எழுதி, கடைசியில் நாம் பொறுக்கி எடுத்திருப்பது சடையனின் சோம்பேறித்தனத்தை.

ஆடி 15

துரையிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஆடி 16

துரைக்குத் தலைவலி. நாளைக்கு.

ஆடி 23

இன்று தலைவலி எனக்கு. நிஜமாகவே.

ஆவணி 4

சொல்லப் போனேன். போனவுடன் அவர் ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார். “சடையன்” என்ற பெயர் அதில் பதினாறு முறை வருகிறது. அதன் இலை, வேர், குணம், குளிர் தாங்கும் திறம் எல்லாம் பத்தி பத்தியாக. “பழவேற்காட்டு மீனவர்கள் பழங்காலம் தொட்டு இதைச் சடையன் என்று அழைத்து வருகிறார்கள்” என்று ஒரு வரி. பழங்காலம் என்றால் வைகாசி 13.

கடைசிப் பத்தியில் என்னை முதல் துபாஷியாக ஆக்கச் சொல்லிப் பரிந்துரை இருந்தது.

“எப்படி இருக்கிறது?” என்றார்.

மிகவும் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆவணி 22

விஷயம் இப்போது சிரிக்கிற இடத்தைத் தாண்டிவிட்டது.

மேலிடத்திலிருந்து உத்தரவு. சடையன் ரகம் வேறு யார் கைக்கும் போகக்கூடாது. சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர்கள் மோப்பம் பிடிப்பார்களாம், தரங்கம்பாடிக்காரர்கள் வருவார்களாம். அதனால் மணல்மேட்டில் சடையன் மரம் ஒன்றை மட்டும் வைத்துக் காவல் போட்டு, அதன் விதை பறந்து ஒட்டியிருக்கக்கூடும் என்று மற்ற இரண்டையும் வெட்டிவிட வேண்டும். சடையன் மரம் எது? குறிப்பேட்டின் முதல் பக்கம் சொல்கிறதே: கூனல் நாவல். ஆகவே பாலையும் புளியும் போகும். நவாபின் ஆளுக்குப் பட்டு போயாயிற்று, சம்மதம் வந்தாயிற்று.

மத்தியானம் நாகம்மாள் கோட்டை வாசலில் வந்து நின்றாள். தலையில் நண்டுக் கூடை. விற்க வரவில்லை.

“தொபாசி ஐயா, புளி போனா போவட்டும், வயித்தெரிச்சலோட உட்டுருவோம். ஒத்தப் பாலைய தொடக்கூடாது.”

“ஏன்?”

“ஏனா? படகு மூக்கு கோட்டைக் கொடிமரத்தப் பாக்கணும், படகு முதுகு பாலையப் பாக்கணும். அந்தக் கோட்டுக்குக் கெழக்கால எங்க தண்ணி. மேக்கால தோணிரேவு ஊர்க்காரங்க தண்ணி. பாலைய வெட்டிட்டா எது யாரு தண்ணினு மீனாண்ட போய் கேக்குறதா?”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்திருக்கிறேன், தெரியாது.

“தொரையாண்ட சொல்லுங்க. நீங்கதான அவரு வாயி” என்றாள்.

சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டியது மரத்தைப் பற்றி மட்டும் என்று அவள் நினைக்கிறாள்.

ஆவணி 23

துரையிடம் பாலை மரம் எல்லை மரம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். “மீனுக்கு எல்லை தெரியுமா?” என்று சிரித்தார். வேறு காரணம் இருந்தால் சொல் என்றார். இருக்கிறது. வாய்க்குள் இருக்கிறது.

லோகாம்பாளிடம் முழுதையும் கொட்டினேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: “சொன்னா வேலை போவும். சொல்லாட்டி அவங்க மரம் போவும். இதுல உங்களுது எதுனு பாத்துக்கோங்க.”

விறகு எடுத்துவர வெளியே போனேன்.

புரட்டாசி 11

கப்பல் போய்விட்டது. மூன்று பெட்டி மரவாழை. ரகத்துக்கு ஒரு பெட்டி, அங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்க. இந்த வாரம் சடையனின் பாடு ஒற்றைப் பாலை. அந்த மரத்துச் செடிதான் அவன் பெட்டியில் போகிறது, வழக்கம்போல் கிளையோடு. துரை தன் கையாலேயே சீட்டு ஒட்டினார்.

நாளை மறுநாள் வெட்டு.

புரட்டாசி 13

பசியாவரத்தார் ஒருவரும் கோடரி தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். காட்டூரிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தோம். பசியாவரத்தார் இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

பாலை கெட்டி மரம். விடிந்து தொடங்கியது உச்சி வெயில் வரை இழுத்தது. நடுவில் இரண்டு முறை கோடரி தீட்டினார்கள். துரை குடையின் கீழ் உட்கார்ந்து கொய்யா தின்றார். அவ்வளவு நேரமும் நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயை யாரும் பொத்தவில்லை. ஒரு வாக்கியம் போதும். அதை ஒல்லாந்து மொழியில் மனதுக்குள் கோத்து, பிழை திருத்தி, மறுபடி கோத்து— மரம் விழுந்துவிட்டது.

விழுந்ததும் மாசிலாமணி தண்ணீரில் நின்றபடியே ஒரு தரம் கொடிமரத்தைப் பார்த்தார். பழக்கத்தில் கழுத்தைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். அங்கே வானம்தான் இருந்தது.

கோடரிக்காரர்கள் புளிக்கு நடந்தார்கள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. பாவி, அப்போதுதான்.

“துரை, சடையன் என்று ஒரு ரகமே கிடையாது. அது ஓர் ஆள். அதோ, தண்ணீரில் மூன்றாவதாக நிற்கிறான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் இட்டது, பாடு, கிளையோடு வெட்டுவது. அவர் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு ரொம்ப அமைதியானது.

“இது வேறு யாருக்குத் தெரியும்?” என்றார்.

“பசியாவரம் முழுக்கத் தெரியும்.”

“எனக்குப் புரிகிற மொழியில்?”

“எனக்கு மட்டும்.”

“அப்படியானால் அதிகம் பேர் இல்லை” என்றார். வெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படகேறினார். புளி தப்பியது.

புரட்டாசி 14

வேலை போய்விட்டது. காரணம்: மொழிபெயர்ப்பில் கவனக்குறைவு. மறுக்க முடியாத காரணம்.

புரட்டாசி 30

நாகப்பட்டினத்திலிருந்து புது முதல் துபாஷி வந்துவிட்டார். வில்லெம் துரைக்குப் பத்தாவியாவில் பெரிய பதவி. கோட்டையில் விருந்து. குளிரறையில் இப்போது சாராயம் வைக்கிறார்கள். முதல் தடவையாக அது ஒரு காரியத்துக்கு ஆகிறது.

கார்த்திகை 26

மழை விட்டு எறா இறங்கத் தொடங்கியது. பசியாவரத்தார் தங்கள் எல்லை என்று நினைத்த இடத்தில் வலை போட்டார்கள். தோணிரேவார் அது தங்கள் எல்லை என்று நினைத்தார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். தசரதனுக்கு மண்டை உடைந்தது. ஏழு வலை கிழிந்தது.

தசரதனைப் பார்க்கப் போனேன். தலையில் கட்டு. “வாங்க ஐயா” என்று எழுந்திருக்கப் பார்த்தான். வெளியே வந்து படகில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பெயர் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதுமே! தெரியாது. ஒரே சொல். எல்லா மொழியிலும் இருக்கிறது.

மார்கழி 9

மணல்மேட்டில் இரண்டு ஊர்க் கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். போனேன், நடந்ததை முழுதும் இரண்டு ஊருக்கும் சொன்னேன். பெயர் இட்ட இடத்தில் தோணிரேவார் சிரித்துவிட்டார்கள். பசியாவரத்தார் சிரிக்கவில்லை. சடையன் மட்டும், “அப்போ ஒல்லாந்துல எம் பேரு சொல்றானுங்களா?” என்று கேட்டான்.

எல்லைக்கு என்ன செய்வது? வெட்டின இடத்தில் ஒரு கழி நடலாம் என்றார் ஒருவர். உடனே தோணிரேவு செல்வம்மாள் எழுந்தாள். நண்டு பிடித்துப் பிடித்து விரலெல்லாம் தழும்பு.

“கழி நட்டா அவங்க நவுத்துவாங்க. அவங்க நவுத்தலனா நாங்க நவுத்துவோம். யாருக்குத் தெரியாது?” கூட்டம் ஒப்புக்கொண்டது. செல்வம்மாள் என்னைக் கைகாட்டினாள். “இந்தாள நிக்க வைங்க. ரெண்டு ஊருக்கும் சொந்தமில்ல. யாராச்சும் நவுத்தனா ஏரி முழுக்கக் கேக்குறாப்புல கத்துவாரு. மரம் போனது இவராலதான?”

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். பாடு மாறுகிற ஒவ்வொரு நாளும், வலைக்கு இடம் பிடித்து முடிகிற வரை, வெட்டுண்ட அடிமரத்தின் மேல் நான் நிற்க வேண்டும். கையில் ஒரு நீள மூங்கில், அதன் நுனியில் வெள்ளை வேட்டி. மாசிலாமணி பக்கத்திலேயே ஒரு பாலைக் கன்று நட்டிருக்கிறார். அது தலை காட்டுகிற வரைக்கும்.

“எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டேன்.

“பாலை மெதுவாத்தான் வளரும் ஐயா” என்றார்.

மார்கழி 15

முதல் நாள் நின்றேன். கால் மரத்துவிட்டது. லோகாம்பாள் கஞ்சி கொண்டுவந்தாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “கோட்டையில நின்னத விட இங்க நல்லாத்தான் நிக்கிறீங்க” என்றாள். எறா ஒரு கூறு கொடுத்தார்கள், இரண்டு ஊரும் சேர்ந்து.

ராட்சச வருஷம், மாசி 2

தோணிரேவான் ஒருவன், “ஐயா, கெழக்கால ஒரு எட்டு தள்ளி நில்லுங்க, பெரிய நண்டா தர்றேன்” என்றான். நிமிஷத்துக்குள் பசியாவரத்தான் ஒருவன் மேற்கே தள்ளச் சொன்னான். அவன் நண்டு இன்னும் பெரியது. இரண்டையும் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் என்னைத் திட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது.

நள வருஷம், ஆடி 20

கன்றை ஆடு தின்றுவிட்டது. மறு கன்று நட்டார்கள்.

நள வருஷம், தை 6

இன்று பாடு மாறுகிற நாள். அடிமரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கோட்டைப் படகு ஒன்று மேட்டுக்கு வந்தது. புது வைத்தியத் துரை. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கூடவே நாகப்பட்டினத்துத் துபாஷி. சடையனையும் எங்கிருந்தோ பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

ஒல்லாந்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். மூன்று பெட்டியில் இரண்டு கப்பலிலேயே அழுகிவிட்டன. சடையன் பெட்டி மட்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தது. கண்ணாடி வீட்டில் பூத்தும்விட்டது. முழங்கால் வலிக்காரர் அது பூத்த மாதத்திலேயே காலமாகிவிட்டார். அவர் மகனுக்குப் பூ பிடித்துப்போயிற்று. அறுபது செடி வேண்டும். அந்தப் பெட்டியின் செடி எந்த மரத்திலிருந்து எடுத்ததோ, அதே மரத்தது. வேறு மரத்தது வந்தால் திருப்பி அனுப்பப்படும்.

துபாஷி சடையனைக் கேட்டார்: “அன்றைக்குக் கப்பலுக்கு எந்த மரத்தில் எடுத்தாய்?”

சடையன் மோவாயால் என்னைக் காட்டினான். “அவரு நிக்கிறாரே, அதுல.”

துபாஷிக்குப் புரியவில்லை. துரை நேராக என்னிடம் வந்து, நான் தமிழ் மட்டும் தெரிந்தவன் என்று நினைத்து, கையைக் காலை ஆட்டிக் கேட்டார். மரம் எங்கே? பெரிய மரம்? சடையன் மரம்?

இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒல்லாந்து மொழி பேசவில்லை. நாக்கில் இருந்தது.

“உங்கள் ஆட்கள் வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த மரம் நான்தான்” என்றேன். “என்மேல் எதுவும் முளைக்காது. அதே செடி அந்த நாவலிலும் இருக்கிறது, புளியிலும் இருக்கிறது. கிளையோடு வெட்டி எடுத்துப் போங்கள், பிழைக்கும். எல்லாம் ஒன்றுதான். இவர்கள் அதை மரவாழை என்பார்கள்.”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, “மரவாழை. இது நான்காவது ரகமா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் தண்ணீரிலிருந்து தசரதன் கத்தினான்: “பேச்சு போதும் ஐயா! கழி சாயுது பாருங்க, எல்ல போவுது!”

கழியை நேராகப் பிடித்தேன்.